மீட்கப்பட்ட கிடேரி

எங்கள் கோயில் சுற்றுச்சுவர் ஓரத்தில், ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு, ஒரு செவலைக் கிடேரி கட்டிக் கிடந்தது. கோயில் என்று நான் சொல்வது தேவாலயத்தை. தஞ்சாவூருக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் லுத்தரன் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் கோயில் என்றுதான் சொல்லி வருகின்றன. போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர்க்காரர்கள் குழம்பினால் குழம்பட்டும். அந்தக் கிடேரி எங்கள் வீட்டுக் கிடேரி. அதைக் கோயிலுக்குக் கொடுத்தவள் நான். ஏலத்தில் எடுத்து அதை மீட்டவன் வேறொருவன். மீட்ட பிறகு அதை என்ன செய்வது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

இரட்சிப்பைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கே இல்லை. ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை, பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் ஒரே குரலில் மிரட்டுகிறவள். எதையும் விளங்காமல் விடமாட்டேன். எதிலிருந்து இரட்சிக்கப்பட்டோம் என்று கேட்டால் தூக்கத்திலும் பதில் சொல்வேன். பாவத்திலிருந்து, மரணத்திலிருந்து, பிசாசின் பிடியிலிருந்து. எதற்காக என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் கேட்டார்.

அந்த வருடம் ஆடியில், குறுவை களையெடுப்பு நேரம், மடை மாற்றப் போனவர் வரப்பிலேயே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. நாங்கள் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் நிலத்தின் சொந்தக்காரர் பெருமாள் கோயில் தெருவில் இருக்கிறார். அவர்தான் தன் காரிலேயே ஏற்றி, தானே ஓட்டி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சேற்றுக்காலோடு என் வீட்டுக்காரர் பின்சீட்டில் கிடந்தது, சீட்டெல்லாம் சேறானது எதையும் அந்த மனுஷர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் பொருத்தனை பண்ணினேன். "ஆண்டவரே, இந்த மனுஷனை உசிரோட எனக்குக் குடு. செவலைக் கிடேரியை அறுப்பின் பண்டிகைக்கு ஓட்டிக்கிட்டு வந்து உன் சந்நிதியில கட்டிடறேன்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், தன் குலதெய்வத்துக்கு என்ன நேர்ந்துகொண்டார்களோ, அவர்களும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வராந்தாவில் பேரம் பேசாதவர் யார்?

ஆண்டவர் வாக்குத் தவறவில்லை. உயிரைக் கேட்டேன், உயிரைக் கொடுத்தார். வாய்க் கோணல் நேரானது, பேச்சு வந்தது. கையும் காலும் பாதி வந்தன. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தினம் நடக்க வைங்கம்மா. வலிக்குதுன்னு உக்காந்துட்டா கால் அப்படியே விறைச்சுப் போயிடும். இந்தச் சில மாசத்துல விட்டுட்டா அப்பறம் யாரு வந்தாலும் நடக்க வைக்க முடியாது."

இவர் நடக்க மாட்டேன் என்றார். நானும் கெஞ்சினேன், கத்தினேன், என் தம்பியை விட்டுச் சொல்லச் சொன்னேன். கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். அது கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. காலை முதல் சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒருநாள் கஞ்சி கொடுக்கப் போனபோது கேட்டார்:

"எதுக்கு என்னைக் காப்பாத்தினே?"

"நல்லாயிருக்கே கேள்வி! காப்பாத்தினது நானா? ஆண்டவரு காப்பாத்தினாரு."

"சரி, அவரு எதுக்குக் காப்பாத்தினாரு? சொல்லு. இப்படிச் சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடக்கவா?"

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். "கஞ்சி குடிங்க, ஆறுது," என்று கிண்ணத்தை நங்கென்று வைத்துவிட்டு வந்தேன். அடுப்படியில் நின்று அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் வெட்கமொன்றுமில்லை.

பொருத்தனை விஷயத்தை அவரிடம் சொன்னபோது நிலைமை இன்னும் மோசமானது. அந்தக் கிடேரி அவருடைய செல்லம். தாய் வயிற்றுக்குள்ளேயே புரண்டு கிடந்த கன்றை இவர்தான் கையை விட்டுத் திருப்பி இழுத்துப் போட்டார். வைத்தியர் வந்து சேர்வதற்குள் அது எழுந்து நின்றுவிட்டது. அதற்கப்புறம் இவர் போகும் இடமெல்லாம் அதுவும் பின்னாலேயே போகும். இப்போது அது தலைச்சன் சினை.

"அது உன் மாடா?" என்றார்.

"பின்னே எதைக் குடுக்கச் சொல்றீங்க? கோழியையா? உங்க உசுருக்கு ஒரு கோழி போதும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கொடுத்தது தப்பு என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. வலிக்காமல் கொடுப்பதற்குப் பெயர் பொருத்தனையா?

ஆனால் எனக்கு ஒரு திட்டம் இருந்தது. குறுவை அறுவடை முடிந்ததும் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் விளைந்ததை, வளர்த்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். நெல்லு மூட்டை, பூசணி, வாழைத்தார், சேவல், ஆட்டுக்குட்டி, வீட்டில் சுட்ட கேக்கு எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அந்தப் பணம் கோயிலுக்கு. இதில் எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பொருத்தனைப் பொருளை அந்த வீட்டாரே மீட்டுக்கொள்ளலாம். ஆனால் நேர்ந்தவர் வாயாலேயே ஏலம் கேட்கக்கூடாது, அது கொடுத்ததைப் பிடுங்குவதுபோல. உறவுக்காரர் ஒருவர் நின்று கேட்பார். சபையார் ஒப்புக்கு இரண்டு தரம் ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஆண்டவருக்கும் குறையில்லை, வீட்டுக்கும் பொருள் திரும்பிவிடும். எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான் இது.

அதற்காகத்தான் பட்டுக்கோட்டையிலிருந்து என் தம்பியை வரச்சொன்னேன். அவன் தேங்காய் வியாபாரி. ஆள் நெடுநெடுவென்று இருப்பான், மீசையை முறுக்கிவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு. படைக்கத் தேங்காயை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டியில் வந்து இறங்கினான். தேங்காயை இறக்கின பிறகு காலி வண்டியைக் கோயில் வாசலிலேயே நிறுத்தினான். கிடேரியை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகலாம் என்று ஒரு புதுக்கயிற்றையும் கையில் சுற்றி வைத்துக்கொண்டு பின்னால் நின்றான். பார்க்கிறவன் கண்ணுக்கு அவன் யார்? அடிமாட்டு வியாபாரியேதான்.

அப்படிப் பார்த்தது ஒரே ஒருவன். எங்கள் ஊர்ப் பையன்தான், சிங்கப்பூரில் வேலை. பத்து வயதிலேயே குடும்பத்தோடு தஞ்சாவூருக்குப் போய்விட்டவன். ஊரில் புதுவீடு கட்டி, வீட்டு ஜெபத்துக்காக லீவில் வந்திருந்தான். நல்ல பிள்ளை. அதைச் சொல்லாமல் மேலே போனால் பாவம் எனக்கு.

பூசணி போனது, வாழைத்தார் போனது. ஒரே சேவலை ஆளுக்கு ஆள் எடுத்துத் திரும்பக் கொடுத்து, அது மறுபடி மறுபடி ஏலத்துக்கு வந்து, சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. கடைசியில் கிடேரியை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நெற்றியில் பூ, கழுத்தில் புது மணி. என் தம்பி கேட்டான். சபையில் ஒருவர் ஒப்புக்கு ஏற்றினார். தம்பி மேலே கேட்டான். "ஒரு தரம்..." என்று ஏலக்காரர் ஆரம்பித்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

"நான் கேக்கறேன்!" என்று ஒரு குரல். சிங்கப்பூர்த் தம்பி. ஒரே தாவலாக எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தினான் விலையை.

என் தம்பி திரும்பிப் பார்த்தான். எங்கள் ரத்தம் கொஞ்சம் சூடான ரத்தம். அவனும் ஏற்றினான். இவன் அதற்கும் மேலே. பக்கத்திலிருந்தவர்கள் இவன் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை, விழுந்தாலும் கேட்கிற நிலையில் அவன் இல்லை. என் தம்பி கண்ணாலேயே என்னைக் கேட்டான். நான் எப்படி வாயைத் திறப்பது? நேர்ந்தவள் நான். கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன். தம்பி கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான்.

"மூணு தரம்!"

கைதட்டல். சிங்கப்பூர்த் தம்பி கையை உயர்த்திச் சொன்னான்: "அடிமாட்டுக்குப் போகாம ஒரு ஜீவனை மீட்டாச்சு! மாட்டை ஆண்டவருக்கே குடுக்கறேன், கோயில்லயே இருக்கட்டும்!"

மறுபடி கைதட்டல். கோயில் கூரைக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த சபைப் பெரியவர்களுக்கு வாயெல்லாம் பல். நான் என் தலையில் அடித்துக்கொண்டேன்.

உண்மை தெரிந்ததும் அந்தப் பிள்ளை அன்றைக்கு மத்தியானமே ஓடிவந்தான். முகம் சுண்டிப் போயிருந்தது.

"அத்தை, சத்தியமா தெரியாது அத்தை. அவரைப் பாத்தா மாட்டு வியாபாரி மாதிரி இருந்துச்சு. நான் என்னமோ பெருசா காப்பாத்தறோம்னு நெனச்சுட்டேன். நீங்க ஓட்டிக்கிட்டு வந்துடுங்க. ஒரு பைசா வேணாம்."

"நான் ஆண்டவருக்குக் குடுத்ததை நீ எனக்கு ஓசியில குடுக்கறியா தம்பி? நல்லா இருக்கு கதை."

"அத்தை..."

"காசு குடுத்து மீட்டா முறை. சும்மா ஓட்டிக்கிட்டு வந்தா அதுக்குப் பேரு திருட்டு. நீ போட்ட விலையைக் குடுக்க எங்களால ஆகாது. போப்பா, நீ நல்ல மனசோடதான் செஞ்சே. சாப்பிட்டுட்டுப் போ."

அவன் சாப்பிட்டான், அழாத குறையாக. அடுத்த வாரம் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கிடேரி கோயிலிலேயே நின்றது. மழை பிடித்துக்கொண்டது. மணி அடிக்கிறவர் ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டார். அது காற்றில் ஒரு பக்கம் பிய்ந்து படபடத்தது. "நம்ம கோயில்ல மாடு கட்டறதா, என்ன இது புதுப் பழக்கம்?" என்று சிலர் முகம் சுளித்தார்கள். "காணிக்கை மாடு, அதை யாரு விக்கறது?" என்று சிலர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்து, தொட்டுக் கும்பிடாத குறையாகப் போனார்கள். வார நாளில் திரும்பிப் பார்க்க ஆளில்லை. மணி அடிக்கிறவர் ஞாபகம் வந்தால் ஒரு வாளி தண்ணீர் வைப்பார். சினைமாடு, விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அது கத்தும். எங்கள் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு தெருதான். ஒவ்வொரு தரமும் கட்டிலில் இவர் உடம்பு லேசாக அசையும். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பேன்.

ஐயர் ஒருநாள் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார். என் வயதுதான் இருக்கும், பொறுமைசாலி. ஜெபம் முடிந்து காபி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"மாட்டை ஓட்டிக்கிட்டு வந்துடுங்கம்மா. சபையில ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தச் சிங்கப்பூர்த் தம்பியும் எழுதிக் குடுத்துட்டுதான் போயிருக்காரு."

"ஓசியிலயா ஐயரே?"

"ஓசிதான். ஞாயித்துக்கிழமைதோறும் நாம என்ன சொல்லிக்கிட்டு இருக்கோம்? நம்மகிட்ட குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, விலையை வேற ஒருத்தர் குடுத்துட்டார், சும்மா வாங்கிக்கங்கன்னுதானே? அதுதானே கிருபை?"

"ஐயரே, மோட்சம் வேற, மாடு வேற."

ஐயருக்குக் காபி புரையேறியது. கட்டிலில் ஒரு சின்ன சத்தம் கேட்டது, சிரிப்போ இருமலோ தெரியவில்லை.

கார்த்திகை முதல் வாரம், வியாழக்கிழமை மத்தியானம், கோயிலில் பெண்கள் சங்கக் கூட்டம். மழை விட்டு, வெளியே சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் ஜன்னல் ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு ஐயர் எடுத்தது இரட்சிப்பு. எனக்கு உள்ளுக்குள் அலுப்பு, இது தெரியாததா என்று. அவர் எடுத்த எடுப்பில், "இரட்சிப்போட நோக்கம் என்னம்மா? எதுக்காக நம்மை இரட்சிச்சார்?" என்று கேட்டார்.

"நரகத்துக்குப் போகாம இருக்க," என்றது ஒரு குரல்.

"அது எதுலேர்ந்துங்கிற கேள்விக்குப் பதில். நான் கேட்டது எதுக்கு."

"பரலோகத்துக்குப் போக ஐயரே."

"போவோம். அதுல சந்தேகமே இல்ல. ஆனா இரட்சிச்ச அன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போகலையே? நம்மளை இங்கயேதானே விட்டு வச்சிருக்காரு. இந்த ஊர்ல, இந்தத் தெருவுல. எதுக்கு?"

வெளியே கிடேரி கத்தியது. எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. பிய்ந்த தார்ப்பாய்க்குக் கீழே, கழுத்தில் பண்டிகை மணியோடு, சேற்றில் நின்றுகொண்டிருந்தது அது. என் வாய் சும்மா இருக்குமா?

"ஐயரே, அந்த மாட்டையும்தான் இரட்சிச்சாச்சு. அது என்ன நோக்கத்துல நிக்குது?"

கொல்லென்று சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "அதேதாம்மா நான் சொல்ல வந்தது. நம்மள்ல பல பேரு அப்படித்தான் நிக்கறோம். மீட்டாச்சு, மணி கட்டியாச்சு, கோயில்ல கட்டிப் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை பழம் கெடைக்குது. அதுக்கா அவ்வளவு விலை குடுத்தாரு? மாட்டை மாடா இருக்கத்தான் மீட்கணும். மனுஷனை மனுஷனா இருக்க. ஆண்டவரோட மனுஷனா, அடுத்தவனுக்கு ஆகற மனுஷனா. காப்பாத்தறது பாதி வேலைதான். மீதி, திரும்ப எழுப்பி நடக்க விடறது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நடக்க விடுவது. என் கட்டிலில் கிடக்கிற மனுஷனை நினைத்தேன். உயிரை மட்டும் கேட்டு வாங்கி, நானும் அவரைக் கட்டிப் போட்டுவிட்டேனா? அவர் எழுந்திருப்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே காரணத்தை ஓட்டிக்கொண்டுபோய் இந்தச் சுவரோரம் கட்டியதும் இதே கைதானே. சண்டை போட வேண்டும் போலிருந்தது, யாரோடு என்றுதான் தெரியவில்லை.

அப்போது பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள். "அக்கா, அங்க பாருங்க!"

கோயில் கேட்டைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். கைலி முழங்கால் வரை சேறு. வழியில் எங்கேயோ விழுந்து எழுந்திருக்க வேண்டும். இடது கையில் அந்தக் கைத்தடி. வலது காலை இழுத்து இழுத்து, ஒவ்வோர் அடிக்கும் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு. நான் எழுந்து ஓடப் போனேன். என்னவோ, வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கால் போகவில்லையா, போகக்கூடாது என்று தோன்றியதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. மாட்டிடம் போனார். அது கத்துவதை நிறுத்தி, கழுத்தை நீட்டி அவர் சட்டையை முகர்ந்தது. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். மழையில் இறுகிய முடிச்சு. இடது கைக்கு அசையவில்லை. வலது கையைத் தூக்கி முடிச்சின்மேல் வைத்தார்; அது வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். ஜன்னலில் எங்கள் சங்கமே மூச்சு விடாமல் நின்றது. முடிச்சு விட்டது. கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு, உடம்பை மாட்டின்மேல் சாய்த்து, "ம்... நட," என்றார்.

அது நடந்தது. அவரும் நடந்தார். கைத்தடி சுவரோரம் அப்படியே நின்றது.

நான் கேட்டுக்குப் போய் நடுவில் நின்றேன். இந்த வாய் இருக்கிறதே! சந்தோஷத்தில் குதிக்க வேண்டிய நேரத்தில் என்ன சொன்னேன் தெரியுமா?

"பொருத்தனை மாடுங்க அது. வீட்டுக்கு ஓட்டக்கூடாது."

"வீட்டுக்கு யாரு ஓட்டறா? வாய்க்காலுக்கு ஓட்டறேன். கோயில் மாட்டுக்குத் தாகம் எடுக்காதா? தள்ளு."

தள்ளிக்கொண்டேன். பின்னால் ஐயர் சொன்னார், "கோயில் மாட்டுக்கு மேய்ப்பர் கெடைச்சுட்டாரும்மா, விடுங்க." அப்புறம்தான் நான் அழுதேன், கேட்டைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு. பெண்கள் சங்கமும் சேர்ந்து அழுதது. அன்றைய கூட்டம் அதோடு சரி.

சபை கூடி ஒரு முடிவெடுத்தது. மாடு கோயிலுடையதாகவே இருக்கும். பராமரிப்பு எங்கள் வீட்டுக்காரர். இரவில் எங்கள் கொட்டகையில் கட்டலாம். பால் கறந்தால் ஊரில் நோயாளி இருக்கிற வீடு, பிள்ளை பெற்ற வீடு, யாராக இருந்தாலும் சரி, எந்தத் தெருவாக இருந்தாலும் சரி, முதலில் அங்கே போகவேண்டும். என் பொருத்தனைக்கும் பங்கமில்லை. ஓசியில் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று நான் பிடித்த பிடியையும் விடவில்லை. ஆனால் ஐயர் மட்டும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். "ஓசியிலதாம்மா வந்து சேர்ந்துருக்கு" என்று அதற்கு அர்த்தம். சிரிக்கட்டும்.

தினமும் இரண்டு வேளை வாய்க்காலுக்கு நடை. முதலில் மாட்டின்மேல் சாய்ந்து, பிறகு கயிற்றைப் பிடித்து, பிறகு அதற்கு முன்னால். டாக்டர் பார்த்துவிட்டு, "யாரு பயிற்சி குடுக்கறது?" என்று கேட்டார். "அது கொட்டகையில நிக்குதுங்க," என்றேன். தை கடைசியில் அது கன்று போட்டது, ஒரு கஷ்டமும் இல்லாமல். சீம்பால் தெருவுக்கெல்லாம் போனது. இடது கையாலேயே கறக்கப் பழகிக்கொண்டார். ஒருநாள் பக்கத்தில் நின்று, "எதுக்குக் காப்பாத்தினாருன்னு கேட்டீங்களே, தெரிஞ்சுதா?" என்றேன். "சும்மா இரு. கறக்கறப்ப தொணதொணன்னு பேசினா மாடு பாலை அடக்கிக்கும்," என்றார்.

அந்த மாசியில்தான் எங்கள் நிலத்துக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர் படுத்தவர்தான், ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைவண்டியைத் தொட மாட்டேன் என்கிறார் என்று வீட்டம்மா என்னிடம் அழுதார்கள். கோயில் மாட்டுப் பாலில் முதல் செம்பு அன்றிலிருந்து பெருமாள் கோயில் தெருவுக்குப் போனது. இவரே காலை இழுத்துக்கொண்டு கொண்டுபோய்க் கட்டிலருகில் கொடுத்துவிட்டு வருவார்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். நிலத்துக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்த முதுகை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். திரும்பாமலேயே கேட்டார்:

"எதுக்குய்யா அந்தப் பெருமாள் என்னை இன்னும் வச்சிருக்கான்? விழுந்த அன்னிக்கே கொண்டுக்கிட்டுப் போயிருக்கலாமே?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆடிக்கு அப்புறம் வாய்விட்டு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நானும் அதையேதாங்க கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். ஒரு பதிலும் வரலைங்க." செம்பைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாளையிலேர்ந்து பால் வாசல் வரைக்கும்தான் வரும். கட்டில் வரைக்கும் கொண்டார மாட்டேன். வந்து வாங்கிக்கங்க."

வெளியே வந்ததும் நான் சண்டை பிடித்தேன். "உங்களைத் தூக்கிக்கிட்டுப் போன மனுஷங்க அவரு! நன்றி வேணாம்?"

"அதுக்குத்தான் சொல்றேன்," என்றார்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக்கூட நேரத்தோடு போகாமல் அவர் பின்னாலேயே நடந்தேன். பெருமாள் கோயில் தெரு திரும்பியதும் எனக்குப் பயம். வாசல் சாத்தியிருந்தால் இந்த மனுஷன் என்ன செய்வார்? திரும்பி வந்து மறுபடி படுத்துவிட்டால்?

கதவு திறந்திருந்தது. நடைவண்டியை ஒரு கையாலும் நிலைப்படியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்துக் கொட்ட, நிலத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் அவர் வீட்டம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு நேரம்யா நிக்கறது?" என்று அதட்டினார். "ஊத்து பாலை."